வீரவணக்கம் சரி, தோழர்களே... அந்தத் தொலைபேசிப் பேச்சை எங்கே விட்டீர்கள்?

அக்டோபர் பிறந்தால் போதும், நம் இடதுசாரி வட்டத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் சர்வதேசப் படையணிப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். 1936 முதல் 1939 வரை, தளபதி பிராங்கோவின் கலகப் படைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசுக்கும் நடந்த போர் அது. குடியரசின் பக்கம் நின்று சண்டையிட வெளிநாடுகளிலிருந்து போன தொண்டர்கள்தான் சர்வதேசப் படையணி. உயர்த்திய முஷ்டி, கசங்கிய சீருடை, கீழே ஸ்பானியக் கம்யூனிஸ்ட் தலைவர் டோலோரஸ் இபாருரி 1938 அக்டோபர் 28 அன்று பார்சிலோனாவில் ஆற்றிய வழியனுப்பு உரையிலிருந்து நாலு வரி. "நீங்களே வரலாறு" என்கிற அந்த உரை எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீரவணக்கம் செலுத்துகிற சாக்கில், அந்த மனிதர்களைச் சாகக் கொடுத்தவர்களை நாம் கேள்வியே கேட்பதில்லை.

முதலில் போனவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகள், மாலுமிகள், மாணவர்கள், ஹிட்லரிடமும் முசோலினியிடமும் தப்பி வந்த அகதிகள். அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டிலேயே 'ஸ்பெயினுக்குச் செல்லாது' என்று முத்திரை குத்தியது. அந்நிய நாட்டுப் படையில் சேரக் கூடாது என்கிற 1870ஆம் வருடச் சட்டம் ஒன்றைப் பிரிட்டன் தூசி தட்டி எடுத்து மிரட்டியது. பிரெஞ்சு எல்லை மூடப்பட்ட பிறகு, கயிற்று அடி வைத்த செருப்பு போட்டுக்கொண்டு இரவோடு இரவாகப் பிரனீஸ் மலையை ஏறிக் கடந்தார்கள். நாக்பூரிலிருந்துகூட ஒருவர் இருந்தார், கோபால் முகுந்த் ஹுத்தார். ஆர்.எஸ்.எஸ்ஸின் தொடக்க காலப் பொதுச் செயலாளர்! லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் மனம் மாறி, 'ஜான் ஸ்மித்' என்ற பெயரில் ஸ்பெயின் போய், 1938இல் பிராங்கோ படையிடம் சிக்கி, சிறையிருந்து ஊர் திரும்பினார். அவருக்கென்றே தனிப் பதிவு எழுத வேண்டும்.

இப்போது ஹராமாவுக்கு வருகிறேன். மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே உள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. 1937 பிப்ரவரி 12 அன்று பிரிட்டிஷ் பட்டாளத்தின் சுமார் 600 பேர் அங்கே இறங்கினார்கள். இயந்திரத் துப்பாக்கிகளை மேட்டில் நிறுத்தி, எதிரி நெருங்கும்போது பார்த்தால், பட்டைகளில் கோத்திருந்தது வேறு ரகத் தோட்டா. சரியான தோட்டா வந்து சேர்வதற்குள் எதிரே குன்றில் இருந்த பிரிட்டிஷ் தோழர்கள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தார்கள். செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் என்று மூன்றே நாளில் பட்டாளத்தில் பாதிக்கு மேல் காலி.

இரண்டு வாரம் கழித்து, 27ஆம் தேதி, அமெரிக்கர்களின் லிங்கன் பட்டாளத்தின் முறை. அதில் பலர் முனைக்கு வரும் வழியில்தான் துப்பாக்கியைக் கையில் வாங்கினார்கள். மலைச்சரிவைப் பார்த்து ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டதுதான் பயிற்சி. பிங்காரோன் குன்றைப் பிடி என்று உத்தரவு. விமானம் வரும், டாங்கி வரும், பக்கத்தில் ஸ்பானியப் பட்டாளமும் முன்னேறும் என்று வாக்குறுதி. எதுவும் நடந்தபாடில்லை. தளபதி ராபர்ட் மெரிமன் தொலைபேசியில் படையணித் தலைவர் விளாதிமிர் சோபிச்சிடம், பக்கத்துப் பட்டாளம் நகரவே இல்லை என்று எடுத்துச் சொல்கிறார். அவர்கள் உங்களுக்கு முன்னால் போய்விட்டார்கள், நீங்கள்தான் பின்தங்கிவிட்டீர்கள், விமானத்துக்கு அடையாளம் தெரிகிற மாதிரி சாலையில் துணியை விரியுங்கள் என்று பதில் வருகிறது. விரிக்கப் போன இருவரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகும் தாக்குதலை நிறுத்தவில்லை. பதுங்குகுழியை விட்டு எழுந்த கொஞ்ச நேரத்திலேயே மெரிமனுக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. அன்று 100 பேருக்கு மேல் செத்தார்கள். எனக்குத் தெரிந்து எந்த வீரவணக்கப் பதிவிலும் இந்தத் தொலைபேசிப் பேச்சு இடம்பெற்றதில்லை.

போர் என்றால் இப்படித்தான், ஆயுதத்துக்கே வழியில்லாத குடியரசு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதில்லை என்கிற தலையிடாமை ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டே ஹிட்லரும் முசோலினியும் விமானமும் படையும் அனுப்பினார்கள். பிரிட்டனும் பிரான்சும் கண்டும் காணாமல் இருந்தன. சோவியத் ஆயுதம் தந்தது உண்மை. அது தானம் இல்லை என்பதும் உண்மை. ஸ்பெயினின் தங்கத்தில் 510 டன் மாஸ்கோவுக்குக் கப்பலேறியது.

சரி, ஆயுதப் பற்றாக்குறை என்றே வைத்துக்கொள்வோம். ஆந்த்ரேயு நின் எந்தப் பற்றாக்குறையால் செத்தார்? ஸ்டாலினை ஏற்காத 'போவும்' (POUM) என்ற ஸ்பானிய மார்க்சியக் கட்சியின் தலைவர் அவர். 1937 ஜூனில் கட்சியைத் தடை செய்து, அவரைக் கைது செய்து, சோவியத் ரகசியப் போலீஸின் ஆட்கள் கடத்திக் கொன்றார்கள். ஆரகான் முனையில் அதே பிராங்கோவை எதிர்த்து நின்ற போவும் படையினர், அதிலிருந்த வெளிநாட்டுத் தொண்டர்கள் உட்பட, ஒரே நாளில் 'பாசிச உளவாளி' ஆகிவிட்டார்கள்.

இன்னொன்று. லிங்கன் ஆட்களை மேலே ஏறச் சொன்ன அதே சோபிச் 1939இல் ஸ்டாலினின் களையெடுப்பில் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாட்ரிட்டைக் காத்த தளபதி என்று உலகமே கொண்டாடிய, சர்வதேசப் படையணியின் கிளேபர் சோவியத் சிறைமுகாமிலேயே இறந்தார். ஹங்கேரியப் பட்டாளத்தின் அரசியல் ஆணையர் லாஸ்லோ ராய்க்கை 1949இல் அவருடைய சொந்தக் கம்யூனிஸ்ட் கட்சியே தூக்கில் போட்டது. ஸ்பெயினில் இருந்ததே அவர் மீதான குற்றச்சாட்டில் ஒரு பங்கு.

"இதெல்லாம் எழுதினால் வலதுசாரிக்குத் தீனி" என்று உள்பெட்டியில் வருவார்கள், தெரியும். இந்தக் குறைகளை முதலில் சொன்னது வலதுசாரிகள் இல்லை. பிங்காரோனுக்கு மறுநாள் பிழைத்திருந்த அமெரிக்கர்கள் முனையிலேயே கூட்டம் போட்டுக் கொதித்தார்கள். பிரிட்டிஷ் பட்டாளத்தில் அலெக்ஸ் மெக்டேட் என்ற கிளாஸ்கோக்காரர், மாற்று ஆளே வராமல் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் இளமையும் முதுமையும் சேர்ந்தே வீணாகிறது என்று நக்கலாக ஒரு பாட்டுக் கட்டினார். பட்டாளமே அதைப் பாடியது. 1937 ஜூலையில், மாட்ரிட்டுக்கு மேற்கே புருனேதேயில் நடந்த சண்டையில் அவர் இறந்துபோனார். பின்னால் அந்த மெட்டை வைத்துக்கொண்டு, நக்கலை எல்லாம் உருவிவிட்டு, வீரமரணப் பாட்டாக மாற்றி எழுதினார்கள். நினைவுக் கூட்டங்களில் எழுந்து நின்று பாடுவது பெரும்பாலும் அந்த மாற்றி எழுதியதைத்தான்.