சிதைந்ததெல்லாம் அமைதி ஆகிவிடாது

அமைதியையும் சிதைவின் அழகையும் பொருளாகக் கொண்ட கலைக் கண்காட்சி ஒன்றை அண்மையில் மதுரையில் பார்த்தேன். துருவேறிய இரும்புத் தகடுகள், காரை உதிர்ந்த சுவர்களின் ஒளிப்படங்கள், கரையான் அரித்த கதவுகள், மண்ணில் புதைத்து மட்கவிட்டு எடுத்த சுங்குடிச் சேலைகள் ஆகியவை அங்கே இருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் மனம்விட்டுப் பாராட்டினார்கள். கைத்திறனைப் பொறுத்தவரை அந்தப் பாராட்டு தகும். ஆனால் சிதைந்த பொருள் எதுவானாலும் அதில் அமைதி குடிகொண்டிருக்கும் என்ற எண்ணம், அரங்கின் ஒவ்வொரு சுவரிலும் கேள்விக்கு இடமின்றித் தொங்கிக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை.

சிதைவைக் கண்டு அஞ்சாத மரபு நமக்குப் புதிதன்று. மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்கள், மண்பாண்டம் வனையும் வேளாரிடம் பிடிமண் கொடுத்து, குதிரை செய்வித்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டி, ஊர்வலமாகத் தூக்கிச் சென்று கோயிலில் நிறுத்துகின்றன. அதன்பின் அந்தக் குதிரைகளை வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறார்கள். காது உடைந்து, கால் முறிந்து, வயிறு பிளந்து அவை மண்ணோடு சேரும்போது யாரும் ஒட்டுப்போட முனைவதில்லை. அடுத்த புரவி எடுப்புக்குப் புதிய பிடிமண் தரப்படும். வேண்டுதல் நிறைவேறி, வேலை முடிந்த பொருள் தானாக அடங்கும் அந்த நிலையை அமைதி என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

திருமலை நாயக்கர் மகாலின் கதை வேறு. 1636இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையில் இன்று நாம் காண்பது எஞ்சிய ஒரு பகுதியே. அதன் பெரும்பகுதி காலத்தால் கரையவில்லை. பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டதாக வரலாறு சொல்கிறது. அந்த இழப்பை மழையின் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டில் சிதைந்த குவிமாடக் கட்டடத்தை அப்படியே காப்பது என்று நகர மன்றம் 1966இல் முடிவு செய்தது. சிதைவுக்கு முட்டுக் கொடுத்து, அது மேலும் சிதையாமல் இன்றுவரை பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே அமைதி என்பது இடிபாட்டின் அழகிலிருந்து பிறக்கவில்லை. இடித்தது எது என்பதை மறக்க விடாத பிடிவாதத்திலிருந்து பிறக்கிறது.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. மதுரைத் தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் தொடங்கப்பட்ட காந்தி அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது காந்தியடிகள் உடுத்தியிருந்த ஆடையின் இரத்தக்கறை படிந்த பகுதி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு பழந்துணிதான். அதன் முன் நிற்பவர் எவரும் வண்ணச் சேர்க்கையை வியந்து பேசுவதில்லை. அது யாருடையது, 1948 ஜனவரி 30 அன்று என்ன நடந்தது என்பதை அறிந்தே அதன் முன் நிற்கிறார்கள்.

இந்தக் கண்காட்சியில் எனக்குக் கிடைக்காதது அந்த அறிதல்தான். ஆளில்லாத ஓட்டுவீடு ஒன்றின் பெரிய ஒளிப்படத்தின் கீழே "அமைதி" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது. அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் கண்மாய் வற்றிப்போய் ஊரைவிட்டுப் போனார்களா, கடனில் இழந்தார்களா, பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிவிட்டுப் போனார்களா என்று பார்ப்பவர் எதைக்கொண்டு அறிவார்? பிழைக்க வழியின்றிப் போனவர்களின் வெற்றுத் திண்ணையைப் பார்த்து, குளிரூட்டிய அரங்கில் நின்று, ஆகா என்று மெய்ம்மறப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. (அந்தப் படத்தின் முன்தான் தற்படம் எடுக்கும் கூட்டம் அதிகம்.)

சுங்குடிச் சேலைகளை மட்டும் இந்தக் குறையிலிருந்து விலக்கிவைக்கிறேன். ஈரம் தங்கிய இடங்களில் பருத்தி மட்கி ஓட்டை விழுந்திருக்க, செயற்கை இழையாலான சரிகைக் கரை சிறிதும் கெடாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. எது மண்ணோடு சேரும், எது சேர மறுக்கும் என்பதை விளக்கக் குறிப்பு எதுவுமின்றி அந்தத் துணிகளே சொல்லிவிட்டன. மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இக்கண்காட்சி வேறு ஊருக்குப் போவதானால், ஒவ்வொரு கதவும் எந்த ஊர் வீட்டுடையது, அது ஏன் கைவிடப்பட்டது என்று இரண்டு வரி எழுதி ஒட்டுமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.