சலரோக கிளினிக்கிற்கு வீட்டில் சமைப்பவரையும் அழைக்க வேண்டும்

மட்டக்களப்பில் சலரோக கிளினிக் நடக்கும் நாட்களில் விடியற்காலையிலேயே வெறும் வயிற்றோடு வரிசையில் இருப்பவர்களில் பலர் தனியாகவே வந்திருப்பார்கள். இரத்தம் எடுத்து, அளவைக் கொப்பியில் குறித்து, குளிசைகளைக் கொடுத்து, சோற்றைக் குறைக்கும்படி சொல்லி அனுப்புகிறார்கள். அவ்வளவு கூட்டத்தில் அதற்கு மேல் பேச வைத்தியர்களுக்கு நேரம் இல்லை. ஆனால் அந்த அறிவுரை வீட்டில் அரிசி களைபவரின் காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. சலரோகம் பற்றிய அறிவு நோயாளியோடு ஒரே பானையில் சாப்பிடும் அனைவருக்கும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வருத்தம் அம்மாவுக்கு வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு அதே வளவில் வாழும் தாய்மார் எங்கள் பகுதியில் அதிகம். பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, எல்லோருக்கும் பிட்டும் சொதியும் பரிமாறிய பிறகே அவர்கள் தங்கள் கோப்பையைத் தொடுகிறார்கள். காலை 6 மணிக்கே குளிசையை விழுங்கிவிட்டு 10 மணி வரை வெறும் பிளேன்டீயோடு நிற்பது, கிளிக்லசைட் போன்ற மருந்தோ இன்சுலினோ எடுப்பவருக்குப் பெரும் ஆபத்து. கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுத் தடுமாறினால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று வீட்டார் உடனே சந்தேகிக்க வேண்டும். இரத்தச் சீனியின் அளவு 70 mg/dLக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா என்று பிள்ளைகள் தயங்கி நிற்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நினைவிழந்தவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது; 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

நோயாளிக்கு மட்டும் குரக்கன் பிட்டை வைத்துவிட்டு மற்றவர்கள் வெள்ளைச் சோற்றைக் குவித்துச் சாப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. பெற்றோருக்குச் சலரோகம் இருந்தால் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், அளவான சிவப்பரிசிச் சோறும் மீனும் முருங்கையிலைச் சுண்டலும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதே நல்லது. குறிஞ்சா இலையை நம்பிக் குளிசையை நிறுத்தச் சொல்லும் உறவினரைத் தடுப்பதும் குடும்பத்தின் பொறுப்புத்தான்.

பிள்ளைகள் ஏசுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்குக்கு முதல் இரண்டு நாட்கள் பட்டினி கிடந்து அளவைக் குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அது பலிக்காது. ஏசுவதை விட்டுவிட்டு, இரவில் அவர்களுக்கு முன்னால் குந்தியிருந்து பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். நரம்பு மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது; வயலிலும் கடற்கரையிலும் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்குச் சிறு காயம் புண்ணாகி, விரலையே எடுக்கும்படி ஆகிவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு நோயாளியும் ஒரு தடவையாவது வீட்டில் சமைப்பவரைக் கூட்டிவரும்படி கிளினிக்குகள் கேட்க வேண்டும். நோன்புக்கும் கந்தசஷ்டி விரதத்துக்கும் முன்னதாக, மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது பற்றிப் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தேவாலய மண்டபங்களிலும் மாலை நேரத்தில் விளக்கலாம். வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அந்த நேரத்தில் வரக்கூடியதாக இருக்கும்.