நடிக்காதடா என்று திட்டுகிற ஊரில் ஒரு நடிப்பு வகுப்பு

போன மாதம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு அப்பா மட்டும் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "டீச்சர், புள்ளைங்களுக்கு நடிக்கச் சொல்லித் தர்றீங்களாமே? இவன் ஏற்கெனவே வீட்ல வேண்டிய மட்டும் நடிக்கிறான்" என்றார். சிரித்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் நடிப்பு என்றாலே பொய்தானே. வயிறு வலிக்கிறது என்று சொல்கிற பையனிடம் முதலில் நம் வாயில் வருவது "நடிக்காதடா". அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், எட்டாம் வகுப்பு, 36 பேர். டைம்டேபிளில் அதற்கு நீதிபோதனை என்று பெயர். மேடை கிடையாது, வேஷம் கிடையாது, பெஞ்சுகளைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிடுவோம், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரே ஒரு வார்த்தை கொடுத்தேன்: "சாப்பிட்டியா?" ஆளாளுக்கு வந்து அதை மட்டும் சொல்ல வேண்டும், சொல்வது யார், எந்த மனநிலையில் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் வழக்கமான கூத்துதான், சினிமா வில்லன், குடிகாரன், பாட்டி. அப்புறம் ஒரு பெண் வந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது போலக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "சாப்பிட்டியா" என்றாள். தேய்ப்பது மட்டும் ஒரு நொடி நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அம்மா. அழுதிருக்காங்க. ஆனா கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க" என்றான். முகமே தெரியாமல் அவன் இதைக் கண்டுபிடித்தான்!

தொல்காப்பியர் இதற்கு வைத்த பெயர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வந்து தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணமும் சொல்கிறார். அழுகைக்கு இளிவு (பிறர் இகழ்வது), இழவு, அசைவு, வறுமை. பாருங்கள், இழவுக்கும் முன்னால் இளிவை வைத்திருக்கிறார், வகுப்பறையில் நான் பார்த்த அழுகையில் பாதி அந்த முதல் வகைதான். மெய்ப்பாட்டியல் முடிகிற இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: கண்ணாலும் செவியாலும் நன்றாக உணரத் தெரிந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் பிடிபடும் என்று. எனக்கு அந்த இடம்தான் முக்கியம். நடிப்புப் பயிற்சியில் செய்து காட்டுகிறவனைவிட, சுற்றி உட்கார்ந்து உற்றுப் பார்க்கிற 35 பேருக்குத்தான் ஆதாயம் அதிகம். பக்கத்தில் இருப்பவன் உடம்பைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒத்துணர்வு என்ற சொல்லின் பொருளை எழுத வைத்து என்ன பயன்? உலக சுகாதார நிறுவனம் சொன்ன 10 வாழ்க்கைத்திறன்களையும் சார்ட்டில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம், சுவருக்கு எல்லாத் திறனும் வந்துவிட்டது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில், எங்கேயோ அரைகுறையாகப் படித்ததை வைத்துக்கொண்டு, "கண்ணை மூடி உங்க வாழ்க்கையில ரொம்ப வருத்தமான நாளை நினைச்சுப் பாருங்க" என்றேன். ஒரு பிள்ளை தேம்ப ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. வீட்டில் ஒரு சாவு நடந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது. மணி அடித்தது, பஸ் போய்விடும் என்று மற்றவர்கள் ஓடினார்கள், நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். திறந்துவிட்டேன், மூடத் தெரியவில்லை.

இந்தச் சண்டை நடிப்பு உலகத்திலேயே பழையது என்று அப்புறம்தான் தெரிந்தது. சொந்த நினைவைக் கிளறி உணர்ச்சியை வரவழைக்கும் பயிற்சியை ரஷ்யாவில் நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஒரு காலத்தில் முக்கியமாக வைத்திருந்தார். 1934இல் பாரிஸில் அவரை நேரில் பார்த்துப் பாடம் கேட்ட அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர், நியூயார்க் திரும்பிப் போய், சொந்தச் சோகத்தைத் தோண்ட வேண்டாம், கதையின் சூழ்நிலையும் கற்பனையும் போதும் என்று வாதாடினார். அங்கே நடிப்புப் பயிற்சி தந்துகொண்டிருந்த லீ ஸ்ட்ராஸ்பர்க் அதை ஏற்கவில்லை, அது தனிக்கதை. வளர்ந்த நடிகர்களுக்கே வேண்டாம் என்று ஒரு கட்சி இருக்கும்போது 13 வயதுப் பிள்ளையிடம் நான் ஏன் தோண்டினேன்? அன்றிலிருந்து ஒரே விதி: உன் கதையைச் சொல்லாதே, குமார் என்று ஒரு பையன் இருக்கிறான், அவன் கதையைச் செய்வோம்.

சரி, குமாருக்குக் கணக்கில் 100க்கு 18. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவாக ஒரு பையன். வேலை முடிந்து வருகிறார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார், போனைச் சார்ஜில் போடுகிறார், பேசாமல் உட்காருகிறார். அந்தப் பேசாமை இருக்கிறதே, வகுப்பே அடங்கிவிட்டது. முதல் குமார் நேராகக் கார்டை நீட்டினான், அறை விழுந்தது. இரண்டாவது குமார் அம்மாவைத் தூது விட்டான், அப்பா அம்மா மேல் பாய்ந்தார், "நிறுத்துங்க" என்று நாலைந்து குரல் ஒரே சமயத்தில். மூன்றாவதாக, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். அப்பா டீ குடித்து முடிக்கும்வரை நின்றாள். கார்டைப் பின்னால் வைத்துக்கொண்டு, "அப்பா, கணக்கு எனக்கு ஒண்ணுமே புரியலப்பா, மூணு மாசமா" என்றாள். அப்பாவாக நடித்த பையன் கையை ஓங்கினான், பாதியில் நிறுத்தினான், என்னைப் பார்த்தான். "டீச்சர், இப்படிச் சொன்னா எங்கப்பா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியல."

குமாரை எல்லோரும் மறந்துவிட்டோம். நானும் அப்பாவாக நடித்தவனுக்குப் பதில் சொல்லவில்லை.

பார்ப்பவர் எழுந்து வந்து கதையை மாற்றும் இந்த முறை பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் உருவாக்கியது. நாட்டை விட்டுப் போக நேர்ந்த பிறகு, 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது, ஏமாற்றிய கணவனை மனைவி என்ன செய்யலாம் என்று ஒரு நாடகம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "தெளிவாப் பேசச் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். நடிகர்கள் எப்படிப் பேசியும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் அவரையே மேடைக்குக் கூப்பிட்டால், கணவனாக நடித்தவரைச் சாத்து சாத்தென்று சாத்திவிட்டார். அவருடைய 'தெளிவு' அதுதான்! அவர் செய்து காட்டாவிட்டால் யாருக்கும் புரிந்திருக்காது.

இலங்கையில் "நாடகமும் அரங்கியலும்" பள்ளியில் தேர்வெழுதும் ஒரு பாடம். யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு போர்க்காலத்திலும் நாடக வேலை செய்தார்கள். இங்கே? ஆண்டுவிழா, போட்டி, கேடயம், அப்புறம் பிள்ளையை அழ வைத்து எடுக்கிற ரீல்ஸ். போட்டி என்று வந்துவிட்டால் யார் நன்றாக அழுதார்கள் என்றுதான் பார்ப்போம், அழுகை ஏன் வந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இதை வைத்து எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே அடி வாங்குகிற பிள்ளைக்கு வேண்டியது நாடகம் இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன். அந்த வித்தியாசம் தெரியாத ஆசிரியர் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. நானும் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை கணக்கு சார் போர்ஷன் முடியவில்லை என்று என் பீரியடைக் கேட்டார். "முடியாது சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். "எடுத்துக்கோங்க சார்" என்றுதான் வந்தது. அடுத்த வாரம் பிள்ளைகளோடு நானும் வரிசையில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைப் பழகப்போகிறேன்.