டிராவல் எண்ணை மட்டும் பார்த்து மவுண்டன் பைக் வாங்காதீர்கள்

மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை, சஸ்பென்ஷன் டிராவல், அதாவது மேடுபள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம், எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று முடிக்கிறது. அது பாதிதான் சரி. ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும், கல் குறைந்த மண்பாதையில் 150 மி.மீ. பைக் மந்தமாகத்தான் ஓடும். எடையும் கூடுதல், எம்பிக் குதிக்கவும் சோம்பும். அங்கே 120–130 மி.மீ. தாராளம்; ஹெட் ஆங்கிள் (முன்சக்கர ஃபோர்க் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம்) 66 டிகிரி அளவில் இருக்கட்டும். பாறைப்படிகளும் செங்குத்து இறக்கமும் அதிகம் என்றால்தான் 140–150 மி.மீ., 64–65 டிகிரி.

ஹெட் ஆங்கிள் சாயச் சாய, அதாவது டிகிரி குறையக் குறைய, இறக்கத்தில் பைக் நிதானமாக நிற்கும், ஆனால் மெதுவான ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும். சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் குழாய்) கோணம் 76 டிகிரிக்கு மேல் இருந்தால் உடல் எடை முன்னுக்கு வந்து அதை ஓரளவு சரிக்கட்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

இன்னொன்று, டயர். பாறைப்பாதையில் மெல்லிய கேஸிங் (டயரின் உடல் பகுதி) கொண்ட டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் ரிம் நசுங்கும். காற்றைக் குறைத்தால் கிடைக்கும் பிடிப்பு வேண்டும் என்றால் முதலில் பின்டயரைத் தடித்த கேஸிங்குக்கு மாற்றுங்கள், அடி அதிகம் வாங்குவது அதுதான். பின்னால் முன்டயரைவிட காற்றழுத்தத்தை 2–3 பிஎஸ்ஐ கூடுதலாக வையுங்கள்.

டெஸ்ட் ரைடுக்கு முன் சாக் (sag, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) சரிபார்க்காமல் எந்த பைக்கையும் மதிப்பிடாதீர்கள். ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து பின் சஸ்பென்ஷன் ஷாக்கில் உள்ள ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) பாருங்கள். முழுதாக அமுங்கினால் 50 மி.மீ. உள்ளே போகும் (ஸ்ட்ரோக்) ஷாக்கில் அது 13–15 மி.மீ. நகர வேண்டும். குறைவாக நகர்ந்தால் நல்ல பைக்கும் கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடும்.