ஒருவரைத் 'தே' (they, அவர்கள்) என்று சொல்வது நேற்று வந்த வழக்கமா?

“ஆங்கிலத்தில் 'தே' பன்மை மட்டுமே. ஒருவரை அப்படிக் குறிப்பது சமீபத்தில் யாரோ புகுத்திய பிழை” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த ஒருமை வழக்குக்குக் காட்டும் பழைய சான்று 1375-ஐ ஒட்டியது; ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிய ஒரு செய்யுள் கதையில் வருகிறது. இதைப் பிழை என்று இலக்கண ஆசிரியர்கள் கண்டித்தது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் வழக்கு நானூறு வயதைத் தொட்டிருந்தது!

மேசையில் ஒரு குடை கிடக்கிறது. மறந்தவர் ஆணா பெண்ணா தெரியாது. “சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா” (யாரோ தங்கள் குடையை விட்டுப் போயிருக்கிறார்கள்) என்பார் ஆங்கிலேயர். இங்கே 'தேர்' (their) என்பது 'தே'யின் உடைமை வடிவம். குடை ஒன்று, ஆளும் ஒருவர். கதவு தட்டப்பட்டால் நாமும் “யாரோ வந்திருக்கிறார்கள்” என்றுதான் சொல்கிறோம். வாசலில் நிற்பவர் ஒருவராகவே இருக்கலாம். பலர்பால் சொல்லான 'அவர்' நம்மிடம் மரியாதை ஒருமையாகிவிட்டதையும் யாரும் பிழை என்பதில்லை.

“அப்படியானால் 'தே இஸ்' என்று எழுதலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாது, பொது ஆங்கிலத்தில் ஒருவரைக் குறித்தாலும் 'தே ஆர்' தான். 'யூ' என்பதும் முதலில் பன்மையே. ஒருமைக்கு இருந்த 'தௌ' வழக்கொழிய, அந்த இடத்தை 'யூ' பிடித்துக்கொண்டது. ஆனாலும் தனி ஆளிடம் 'யூ ஆர்' என்றே சொல்கிறோம். வாட்ஸ்அப் செய்தியை எழுதியவரும் அப்படித்தான் சொல்வார்.