லாப ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கண்ணில் படுகிறது

பேராசைதான் பங்குச்சந்தை டிரேடர்களைக் கவிழ்க்கிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, என்னைக் கேட்டால் அது பாதிதான் சரி. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (பங்கு, குறியீடுகளின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், அடுத்தடுத்த வருடங்களில் அடிவாங்கியவர்களிலும் முக்கால்வாசிக்கு மேல் விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள். ஏன்? எக்ஸ்பைரி அன்று, அதாவது அந்த ஒப்பந்தங்கள் முடிகிற நாளில், மதியம் டெலிகிராம் குரூப்பில் பச்சைப் பச்சையாக லாப ஸ்கிரீன்ஷாட் வந்து விழும், சிவப்பில் இருப்பவன் வாயே திறக்க மாட்டான். பார்க்கிறவனுக்கு ஊரே சம்பாதிக்கிற மாதிரியும் தான் மட்டும் ஏமாளி மாதிரியும் தோன்றும், அப்புறம் நஷ்டம் ஒரு அளவைத் தொட்டதும் வெளியேற வைக்கும் ஸ்டாப்லாஸாவது ஒன்றாவது, விலை இறங்கியதையே மேலும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கிறேன், ஆவரேஜ் பண்ணுகிறேன் என்று இன்னும் நாலு லாட் (ஒப்பந்தக் கட்டு) வாங்குவான். அட்மினுக்கென்ன, சந்தா வந்துவிடுகிறது.