ரோல் பிளே முடிந்ததும் கைதட்டிவிட்டுத் தேநீருக்குப் போகாதீர்கள்

கொழும்பில் வங்கி, காப்புறுதி, லீசிங் என்று எங்கே செயலமர்வு நடந்தாலும் மதியத்துக்குப் பிறகு ஒரு ரோல் பிளே கட்டாயம் இருக்கும். இரண்டு பேரை முன்னுக்கு அழைத்து, "நீங்கள் கோபக்கார வாடிக்கையாளர், நீங்கள் கவுன்டர், தொடங்குங்கள்" என்பார்கள். ஐந்து நிமிடம் சிரிப்பு, கைதட்டல், பிளேன்ரீ. இதைப் பயிற்சி என்று கணக்குக் காட்டுவது ஊழியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கோபத்துக்குக் காரணம் கொடுக்காவிட்டால் நடிப்பவர் சத்தம்தான் போடுவார். எதிரில் இருப்பவர் "சொறி மேடம்" என்றே ஓட்டிவிடுவார். இரண்டு பேருக்கும் பாத்திரத்தை விளக்கும் அட்டை ஒன்று கொடுங்கள், இரண்டிலும் வெவ்வேறு தகவல் இருக்க வேண்டும். அடகுப் பிரிவுக்கு ஒன்று எழுதிப் பார்ப்போம். வாடிக்கையாளரின் அட்டை: உங்கள் நகை ஏலத்துக்குப் போகிறது என்று இன்றுதான் தெரிந்தது, கடிதம் எதுவும் வரவில்லை, கையில் வட்டிக்கு மட்டும் காசு இருக்கிறது, போன வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறினீர்கள், அதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஊழியரின் அட்டை: பதிவுத் தபாலில் அறிவித்தல் போனதாகக் கணினியில் இருக்கிறது, வட்டியைக் குறைக்க உங்களுக்கு அதிகாரமில்லை, ஏலத்தைத் தள்ளிவைக்க முகாமையாளரிடம் கேட்கலாம். விலாசத்தை விசாரிக்காத ஊழியர் இதில் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் முட்டுச்சந்தில்தான் நிற்பார்.

மூன்றாவது அட்டை பார்வையாளருக்கு. மூன்று மூன்று பேராகப் பிரித்து எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் செய்யட்டும். மேடை வேண்டாம், கூச்சம் பாதி குறையும். முதல் கேள்வி எப்போது வந்தது, எந்தச் சொல்லில் வாடிக்கையாளரின் குரல் உயர்ந்தது என்று பார்வையாளர், நடிப்பவர்கள் பேசிய அதே சொற்களில் எழுத வேண்டும். "நல்லாச் செய்தீங்க" என்பது குறிப்பு அல்ல.

நடிப்புக்கு ஆறு நிமிடம் என்றால் கலந்துரையாடலுக்குப் பதினைந்தாவது ஒதுக்குங்கள். நாடகத்தைச் சிகிச்சையாக்கிய மருத்துவர் மொரேனோவின் முறையிலேயே நடிப்புக்குப் பிறகு பகிர்தல் தனிக் கட்டம். முதலில் ஊழியராக நடித்தவர் பேசட்டும், பிறகு வாடிக்கையாளர், பிறகு பார்வையாளர், கடைசியில்தான் பயிற்சியை நடத்தும் வளவாளர். வளவாளர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. பிறகு பாத்திரத்தை மாற்றி அதே காட்சியை இன்னொரு தரம். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் சுற்றைத்தான். திருத்திய வசனம் வாயில் பழகுவதும் அதில்தான்.

கிளைக்கு வருபவர்கள் தமிழிலோ சிங்களத்திலோ கதைப்பவர்கள் என்றால் ஆங்கிலத்தில் நடிக்க வைக்காதீர்கள். வட்டி மிகுதியை ஒரு வயதான அம்மாவுக்குத் தமிழில் விளக்குவது தனித் திறமை.

ஒரு சம்பவத்தை எழுதிக் கொடுத்து முடிவெடுக்க வைக்கும் கேஸ் ஸ்டடியிலும் இதே வியாதிதான். 1870இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளிக்கு வந்த லாங்டெல் விரிவுரைக்குப் பதிலாக உண்மையான தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்து வாதாட வைத்தார். நம்மிடம் சுற்றும் கேஸ்களிலோ கெட்டவர் யார் என்பது முதல் பந்தியிலேயே தெரிந்துவிடுகிறது. ஒன்றரைப் பக்கம் போதும். திகதி, தொகை, யார் யாருக்கு எப்போது சொன்னார் எல்லாம் இருக்கட்டும். ஆளையும் கிளையையும் அடையாளம் தெரியாமல் மாற்றுங்கள். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். "பிழை என்ன?" என்று கேட்காமல் "பின்னேரம் நாலு மணிக்குள் யாருக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். குழுவாக உட்காரும் முன் ஒவ்வொருவரும் தன் முடிவைத் தாளில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மேலதிகாரியான சேர் சொன்னதே குழுவின் பதில். சேரைப் பின்வரிசையில் அவதானிக்க வைப்பது அதைவிட மோசம். அவரும் ஒரு அட்டையை வாங்கட்டும், வாடிக்கையாளரின் அட்டையை.

நேரம் போதாது என்றால் ஸ்லைடுகளைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேஸ், அதே சம்பவத்தை வைத்து இரண்டு சுற்று ரோல் பிளே. ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் கேஸ் முடியும், மூன்றரைக்குள் மற்றதும் முடியும்.